மில் ஸ்க்ரூவின் சத்தமும் மேஸ்திரியின் காதும்

ஆலங்குளத்திலிருந்து பாவூர்சத்திரம், கீழப்பாவூர், சுரண்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு அரிசி மில்லின் புகைபோக்கியாவது கண்ணில் படும். மில்லைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அரிசியைப் பற்றித்தான் பேசுவார்கள். அம்பை 16 நல்லதா, பொன்னி நல்லதா, புழுங்கல் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று போகும் பேச்சு. நான் 33 வருஷம் மெஷின் பராமரிப்பில் காலம் தள்ளியவன். எனக்கு அரிசியைவிட அதைத் தள்ளிக்கொண்டு போகிற சாமான்தான் முதலில் கண்ணில் படும். அதைவிட முன்னால் காதில் படும்.

அந்தச் சாமானுக்குப் பெயர் ஸ்க்ரூ கன்வேயர். மில்காரர்கள் சுருக்கமாக 'ஸ்க்ரூ' என்பார்கள். அது போடும் சத்தத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம் ஊர்க் கமலையும் மாட்டு வண்டியும் வருகின்றன, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கிரேக்கர் ஒருவரும் வருகிறார், காது மந்தமாகிப்போன எத்தனையோ மேஸ்திரிகளும் வருகிறார்கள்.

முதலில், பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு போல்ட்டில் நட்டை மாட்டி, நட்டு சுற்றாதபடி பிடித்துக்கொண்டு போல்ட்டை மட்டும் சுற்றினால் நட்டு முன்னால் நகரும். ஸ்க்ரூ கன்வேயரின் தத்துவம் அவ்வளவுதான். நீளமான ஒரு குழாயைச் சுற்றி இரும்புத் தகட்டைத் திருகு போல் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அந்தத் தகட்டை இதழ் என்று வைத்துக்கொள்வோம். குழாய் ஒரு நீளத் தொட்டிக்குள் படுத்துக்கொண்டு சுற்றும். தொட்டியில் விழும் தவிடோ உமியோ சிமெண்டோ நட்டு மாதிரி முன்னால் நகர்ந்து போகும். ஆள் சுமக்க வேண்டாம், கடகப்பெட்டி வேண்டாம், தூசியும் அதிகம் வெளியே வராது.

இந்தத் திருகை ஆர்க்கிமிடீஸ் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சைராக்யூஸ் நகரத்தில் வாழ்ந்தவர். சாய்த்து வைத்த உருளைக்குள் மரத்திருகைச் சுற்றி ஆற்றுத் தண்ணீரை வயலுக்கு ஏற்றினார்கள். எகிப்தில் நைல் நதிக்கரையில் அது நம் காலம் வரைக்கும் புழக்கத்தில் இருந்தது. நாம் அதே வேலைக்கு ஏற்றமும் கமலையும் வைத்திருந்தோம்.

தண்ணீர் தூக்கிய திருகை மாவு தள்ள வைத்தவர் ஆலிவர் எவான்ஸ் என்ற அமெரிக்கர். 1780-களில் டெலவேர் மாநிலத்தில் அவர் கட்டிய மாவு ஆலையில் கோதுமை உள்ளே போவது முதல் மாவு வெளியே வருவது வரை மூட்டையை யாரும் தோளில் தூக்கவில்லை. மேலே ஏற்ற வாளி எலிவேட்டர், பக்கவாட்டில் தள்ளத் திருகு. 1790-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்க அரசாங்கம் கொடுத்த மூன்றாவது காப்புரிமை அது. ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டனே பணம் கட்டி அனுமதி வாங்கித் தன் பண்ணை ஆலையில் அதை வைத்துக்கொண்டார்.

எவான்ஸின் திருகு மரத்தால் ஆனது. மரத்தண்டில் மரச்சில்லுகளைத் திருகு வரிசையில் சொருகியிருந்தார். ஓட்டியது நீர்ச்சக்கரம். மரம் மரத்தொட்டிக்குள் மெதுவாக மாவைத் தள்ளினால் எவ்வளவு சத்தம் வந்துவிடும்? பிற்பாடு மரம் போய் இரும்புத்தகடு வந்தது, நீர்ச்சக்கரம் போய் நீராவியும் மோட்டாரும் வந்தன. வேகம் கூடியது, தகடு மெலிந்தது. சத்தம் அப்போதுதான் கூடவே வந்து சேர்ந்தது.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். சுற்றுகிற சாமான் கத்தும் என்பது நம் ஆட்களுக்குப் புதிய விஷயமா என்ன? விடியற்காலையில் கமலை இறைக்கும்போது உருளை போடும் கிறீச் சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். சத்தத்தை வைத்தே யார் தோட்டத்தில் இறைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். வண்டி அச்சு கத்தினால் வண்டிக்காரர் இறங்கி மை போடுவார். மை போடாமல் ஓட்டுகிறவனை நாலு பேர் ஏசுவார்கள். மாடு கஷ்டப்படுகிறது என்பது ஒரு காரணம், அச்சு தேய்கிறது என்பது இன்னொரு காரணம். சத்தம் என்றால் எங்கேயோ உரசுகிறது, உரசினால் தேயும், தேய்ந்தால் செலவு. இந்தக் கணக்கு எழுத்தறியாத வண்டிக்காரருக்கும் தெரிந்திருந்தது. மெஷின் வந்த பிறகு அந்தக் கணக்கை நாம் எப்படியோ மறந்துவிட்டோம்.

மில் வந்த கதை இது. உரலும் உலக்கையும் இருந்த இடத்துக்கு முதலில் வந்தது ஹல்லர். அதைக் கண்டுபிடித்தவர் எங்கல்பர்க் என்ற பிரேசில் நாட்டுக்காரர், 1880-களில். அதைச் செய்து உலகமெல்லாம் விற்ற கம்பெனி இருந்த இடம் நியூயார்க் மாநிலத்துச் சைராக்யூஸ். ஆர்க்கிமிடீஸின் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்ட அமெரிக்க ஊர். திருகும் ஹல்லரும் ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களோடு சேர்ந்துகொண்டது தற்செயல்தான், ஆனாலும் நினைத்துப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

ஆரம்பத்தில் மில்களை ஆயில் எஞ்சின் ஓட்டியது. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அதன் பிறகு மின்சாரக் கம்பி ஒவ்வொரு ஊராக எட்ட எட்ட, எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது. 1949-இல் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. நெல்லைச் சீமையில் ஒரு தலைமுறைக்குப் பெரிய மெஷின்களைக் காட்டிய ஆலை அது. இந்த இடத்தில் வெளியூர் நண்பர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆலங்குளம் சிமெண்ட் ஆலை என்றதும் நம் ஊரை நினைத்துக்கொள்கிறார்கள். அரசாங்க சிமெண்ட் ஆலை இருப்பது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில். நம் ஆலங்குளம் காய்கறிக்கும் பீடிக்கும் பெயர் போனது.

ஹல்லர் மில்லில் ஸ்க்ரூவுக்குப் பெரிய வேலை கிடையாது. பெண்கள் பெட்டியில் நெல்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், கீழே அரிசியும் தவிடும் விழும், அள்ளிக்கொண்டு போவார்கள். கைக்குத்தலைக் காப்பாற்றவும் மில்களை ஒழுங்குபடுத்தவும் 1958-இல் மத்திய அரசு அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 1960-களில் நெல்லின் சேதாரத்தைக் குறைக்க வேண்டும் என்று நவீன அரிசி ஆலைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967-இல் ஒரு தரப் பரிசோதனைக் கூடம் தொடங்கினார்கள். அதுவே பின்னால் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகி, இப்போது தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது.

நவீன மில்லில் உமி நீக்க ரப்பர் உருளை வந்தது. ஹல்லரின் அந்தக் கரகரப்பு குறைந்தது, அரிசி நொறுங்குவதும் குறைந்தது. ஆனால் ஊறப்போடும் தொட்டி, அவிக்கும் இடம், உலர்த்தும் இடம், உமி நீக்கும் இடம், தீட்டும் இடம் என்று வேலை பிரிந்துபோனது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நெல் போக வேண்டுமே! அங்கேதான் எலிவேட்டரும் ஸ்க்ரூவும் வரிசையாக வந்து சேர்ந்தன. 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி. அந்த உமியைப் பாய்லருக்குத் தள்ள ஒரு ஸ்க்ரூ, எரிந்த சாம்பலை வெளியே தள்ள இன்னொரு ஸ்க்ரூ. ஒரு பெரிய சத்தம் போய், மில் முழுக்கப் பரவிய பல சத்தங்கள் வந்தன.

ஸ்க்ரூ ஏன் கத்துகிறது? நான் பார்த்த வரையில் காரணங்கள் ஏழெட்டுக்கு மேல் போகாது.

முதல் காரணம் ஹேங்கர். ஸ்க்ரூவின் குழாய் நீளமாக இருப்பதால் நடுவில் தொய்ந்துவிடும். அதனால் சுமார் 10 அடிக்கு ஒரு இடத்தில் மேலிருந்து ஒரு பேரிங்கைத் தொங்கவிட்டுத் தாங்குவார்கள். அது இருப்பது சரக்குக்கு நடுவில். தூசி உள்ளே போகும், புஷ் தேயும், இரும்பும் இரும்பும் உரசும். பல்லைக் கூச வைக்கும் அந்தக் கீச்சுச் சத்தம் அங்கேயிருந்துதான் வரும். வண்டிக்காரர் மாதிரி மை போட்டால் போதுமா? தவிட்டில் போட்டால் எண்ணெய் தவிட்டோடு கலந்துவிடும். சிமெண்டில் கிரீஸ் போட்டால் கிரீஸும் சிமெண்டும் சேர்ந்து சாணைக்கல்லாகி இன்னும் வேகமாகத் தேய்க்கும். அதனால் சிமெண்டுக்குக் கெட்டி இரும்பு புஷ்ஷை எண்ணெய் இல்லாமலே ஓட விடுவதும் உண்டு. அது கத்தத்தான் செய்யும். தானியத்துக்கு எண்ணெயில் ஊறிய கட்டைப் புஷ்ஷோ நைலான் புஷ்ஷோ போடலாம். மரம் இரும்பைப் பார்த்துக் கத்தாது. எவான்ஸ் காலத்து மரம் இப்படி ஒரு மூலையில் திரும்பி வந்தது.

இரண்டாவது, நேர்க்கோடு. தொட்டிகளை ஒன்றோடு ஒன்று கோக்கும்போது நூல் பிடித்துக் கோக்க வேண்டும். ஒரு தொட்டி கால் அங்குலம் இறங்கியிருந்தாலும் இதழ் அடித்தகட்டில் இழுக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'சர்ர்ர்'. அந்தச் சத்தம் சீராக வந்தால் குழாய் வளைந்திருக்கிறது அல்லது தொட்டி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். 'டக், டக்' என்று அடித்தால் குழாய்களை இணைக்கும் போல்ட்டின் ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது.

மூன்றாவது, மூடி. தொட்டிக்கு மேல் போடும் மூடி மெல்லிய தகடு. இரண்டு போல்ட் கழன்றால் போதும், தவில் மாதிரி அதிரும். ஸ்க்ரூ போடும் சத்தத்தைவிட மூடி போடும் சத்தம் பெரிதாக இருக்கும். லாரி டியூப்பைக் கீற்றாக வெட்டி ஓரத்தில் கொடுத்துப் போல்ட்டை இறுக்கினால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தது. செலவு என்று பார்த்தால் ஒரு பழைய டியூப்.

நான்காவது, வேகம். மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும். ஸ்க்ரூவுக்கு வேண்டியது பெரும்பாலும் 50, 60 சுற்று, அதிகம் போனால் 100. சரக்கு கூடுதலாகப் போக வேண்டும் என்று புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டுவது சுலபமான வழி, கெட்ட வழியும் அதுதான். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 6 அங்குல ஸ்க்ரூவையும் 9 அங்குல ஸ்க்ரூவையும் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டமும் கூடுகிறது, ஒரு சுற்றுக்கு நகரும் தூரமும் அதே விகிதத்தில் கூடுகிறது. அதனால் 9 அங்குல ஸ்க்ரூ ஒரு சுற்றில் தள்ளுவது 6 அங்குலத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலே. சின்னது 120 சுற்று சுற்றிச் செய்யும் வேலையைப் பெரியது 40 சுற்றுக்குள் செய்துவிடும். வாங்கும்போது கொஞ்சம் கூடுதல் பணம், ஆனால் வாழ்நாள் முழுக்கக் குறைந்த தேய்மானம், குறைந்த சத்தம்.

ஐந்தாவது, வெறும் ஓட்டம். சரக்கு இருக்கும்போது ஸ்க்ரூ அடங்கி ஓடும். சரக்கே மெத்தை. காலியாக ஓடும்போதுதான் தகரம் முழுக்கப் பேசும். சாப்பாட்டு நேரத்தில் நிறுத்தாமல் விட்டுப் போகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அதே நேரம் தொட்டியை வாய் வரைக்கும் நிரப்பவும் கூடாது. தானியத்துக்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 45 சதவீதம். சிமெண்ட் மாதிரி தேய்க்கும் சரக்குக்கு 30 சதவீதம். அதற்கு மேல் போனால் சரக்கு ஹேங்கரில் நெரிபடும்.

ஆறாவது, விழும் இடம். நெல் மேலிருந்து இரும்புச் சரிவில் விழுந்தால் ஆலங்கட்டி மழைதான். சரிவில் ரப்பர் ஒட்டலாம். அதைவிட எளிய வழி, விழும் இடத்தில் ஒரு சின்னப் படி வைத்து நெல்லையே அங்கே கொஞ்சம் தேங்க விடுவது. நெல் நெல்லின் மேல் விழும். இரும்பு தேயாது, சத்தமும் வராது.

ஏழாவது, உமியின் குணம். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். உமியை வருஷக்கணக்கில் தள்ளிய இதழின் ஓரம் கத்தி மாதிரி மெலிந்துவிடும். இதழுக்கும் தொட்டிக்கும் இடைவெளி கூடி, அதில் சரக்கு சிக்கி அரைபடும். அந்தச் சத்தம் வந்தால் எண்ணெயும் வேண்டாம், ரப்பரும் வேண்டாம், இதழை மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவையும் எழுதியதற்குக் காரணம், எட்டு வைத்தியம் இருந்தால் அதில் ஆறு நம் பட்டறையிலேயே செய்யக்கூடியவை என்று காட்டத்தான். பிறகு ஏன் செய்வதில்லை? என் நண்பர் ஒருவர் மில் வைத்திருந்தார். சத்தத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார். "சத்தம் இருந்தாத்தான் அண்ணாச்சி மில்லு ஓடுதுன்னு நாலு பேருக்குத் தெரியும்" என்பார். "வண்டி கத்துனா மை போடச் சொல்லி ஏசுவீயள்ல, மில்லு கத்துனா மட்டும் பெருமையோ?" என்று நான் கேட்பேன். இருவரும் சிரித்துக்கொண்டே காப்பி குடிப்போம். சத்தத்தை வேலையின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் அவர் ஒருவருக்கு மட்டும் இருந்ததில்லை. உலகம் முழுக்க இருந்தது.

இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, செம்பு தட்டும் கன்னார்களுக்குக் காது மந்தமாகிக் கடைசியில் கேட்காமலே போகிறது என்று எழுதி வைத்தார். 1886-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 100 பாய்லர் தொழிலாளிகளைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தபால்காரர்களையும் சோதித்தார், அவர்களுக்கு அந்தக் கதி இல்லை. ஆகவே இது வயசுக் கோளாறு அல்ல, தொழில் கொடுத்த கோளாறு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நம் நாட்டில் தொழிற்சாலைகள் சட்டம் 1948-இல் வந்தது. போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் அதைத் திருத்தியபோது, மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இரைச்சலால் வரும் காது கேளாமையும் இருந்தது. கிளாஸ்கோ மருத்துவர் சோதித்து நூறு வருஷம் கழித்து! 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதிகளில் உள்ள எல்லை. 95 ஆனால் 4 மணி நேரம், 100 ஆனால் 2 மணி நேரம்தான். டெசிபல் கணக்கு சாதாரணக் கணக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 90 போடும் மெஷின் ஒன்றின் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் 180 ஆகாது, 93 ஆகும். பத்து வைத்தால் 100. திருப்பிப் பார்த்தால், பத்தில் ஒன்றை மட்டும் அடக்கினால் வித்தியாசம் காதுக்கே தெரியாது. அதனால்தான், இருப்பதிலேயே பெரிதாகக் கத்தும் ஒன்றைத் தேடிப்பிடித்து முதலில் அதை அடக்க வேண்டும் என்பார்கள்.

இனி எனக்கு முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து மேஸ்திரிகளிடம் சத்தத்தை அளக்கும் மீட்டர் கிடையாது. ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் மேல் வைத்துப் பிடியைக் காதோரம் வைப்பார்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது இன்னும் ஒரு மாசம் தாங்கும், அது நாளைக்கே போயிரும்" என்பார்கள். சொன்னபடியே நடக்கும். டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் எப்படியோ அப்படி. எத்தனையோ மில்கள் இரவில் திடீரென்று நிற்காமல் ஓடியது இப்படிப்பட்ட காதுகளால்தான்.

இரைச்சல் அந்தக் காதை எப்படிக் கெடுக்கிறது தெரியுமா? எல்லாச் சத்தமும் ஒரே நாளில் போவதில்லை. வினாடிக்கு 4000 அதிர்வு அளவிலுள்ள கூர்மையான ஒலிகள் முதலில் போகின்றன. வலி கிடையாது, சீழ் கிடையாது, ஆளுக்கே தெரியாது. கனமான சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பதால் காது நன்றாக இருக்கிறது என்றே நினைப்பார். ஆனால் காய்ந்த ஹேங்கரின் கீச்சுச் சத்தம், தேயத் தொடங்கிய பேரிங்கின் மெல்லிய விசில் எல்லாம் கூர்மையான பக்கத்தில்தான் இருக்கின்றன. மெஷின் முதலில் முறையிடும் குரல் எதுவோ, மேஸ்திரிக்கு முதலில் கேட்காமல் போவதும் அதுவே. கோளாறைக் கேட்டுச் சொல்ல வேண்டிய காதைக் கோளாறே தின்றுவிடுகிறது. சத்தத்தை விட்டுவைத்தால் மில்லுக்கு நஷ்டம் இப்படியும் வருகிறது. இந்தக் கணக்கை எந்த முதலாளியின் பேரேட்டிலும் நான் பார்த்ததில்லை.

மில்லைவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அது தொடரும். பேச்சில் 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகளை நாம் பிரித்துக் கேட்பது அந்தக் கூர்மையான ஒலிகளால்தான். அவை போனால் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. பேத்தி சொல்வது விளங்காது, மகன் சொல்வது பாதி விளங்கும். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றுமே விளங்காது. ஏன் இப்படி டி.வி.யை அலற விடுகிறீர்கள் என்று வீட்டில் சத்தம் போடுவார்கள். இவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு திண்ணையில் தனியாக உட்கார்ந்துவிடுவார். அவருக்குத் தலைக்கனம் என்பார்கள் சிலர், வயசாச்சு என்பார்கள் சிலர். முப்பது வருஷம் உமி ஸ்க்ரூ பக்கத்தில் நின்றது யாருக்கும் ஞாபகம் வராது.

காது மட்டுமல்ல, கையும் போயிருக்கிறது. நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் ஒரு ஸ்க்ரூவின் மூடி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. தொல்லை தாங்காமல் யாரோ அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார்கள். சில நாள் கழித்து, அடைத்திருந்த சரக்கைக் குத்திவிடப் போன ஒரு இளைஞரின் தோள் துண்டு இதழில் சிக்கியது. அவர் போட்ட கூச்சல் பத்தடி தள்ளி நின்றவருக்குக் கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பிப் பார்த்த ஒருவர் ஓடிப்போய் சுவிட்சை நிறுத்தினார். உயிர் பிழைத்தது, மூன்று விரல் போனது. சுற்றும் மெஷினுக்கு வேலி போட வேண்டும் என்று 1948 சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொன்னது. ஸ்க்ரூவுக்கு அந்த வேலி அதன் மூடிதான். மூடி அதிராமல் இருந்திருந்தால் யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். ஒரு டியூப் கீற்றும் நாலு போல்ட்டும் செய்திருக்கக்கூடிய வேலை அது.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் மறக்கக் கூடாது. மில் கட்டும்போது ஊருக்கு வெளியே இருந்திருக்கும். பிறகு ஊர் வளர்ந்து மில்லைத் தாண்டிப் போயிருக்கும். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் தொழிற்பேட்டைக்குப் பகலில் 75, இரவில் 70 டெசிபல் என்றும், குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 என்றும் சொல்கின்றன. ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் இன்னொரு கணக்கு. சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். ஸ்க்ரூவை எடுத்துவிட்டு ஊதுகாற்றில் உமியைத் தள்ளும் ஏற்பாட்டுக்குச் சிலர் மாறினார்கள். கீச்சுச் சத்தம் போனது, காற்றாடியின் ஊளைச் சத்தம் வந்தது. சத்தம் போகவில்லை, குரல்தான் மாறியது. தொட்டியின் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்து, தகட்டுக்கு விறைப்புப் பட்டை பற்றவைத்து, வேகத்தைக் குறைத்தவர்கள் அதைவிடக் குறைந்த செலவில் பக்கத்து வீட்டாரோடு சமாதானமாகப் போனார்கள்.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். சாதாரணப் பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. அதற்கென்று செய்த காதடைப்பானைத்தான் வைக்க வேண்டும். அதுவும் கடைசி வைத்தியம். முதல் வைத்தியம் மெஷினுக்கு.

மில்லிலோ தறியிலோ கல் குவாரியிலோ பல வருஷம் நின்றவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காதைச் சோதித்துப் பாருங்கள். போன காதைத் திருப்ப முடியாது. ஆனால் காரணம் தெரிந்தால், அவரிடம் நேரே முகத்தைப் பார்த்து, மெதுவாக, தெளிவாகப் பேச நாம் பழகிக்கொள்ளலாம். கத்திப் பேச வேண்டியதில்லை. கத்தலை அவர் வேண்டிய மட்டும் கேட்டுவிட்டார்.